ஆடிக் காற்றும் அரைநிலாக் கரையும்

செட்டிநாட்டுக்கு ஆடியில் போகாதே, தையில் போ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தையில் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், வயல்கள் பச்சையாக இருக்கும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் கல்யாணங்களுக்காகத் திறந்திருக்கும். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் நான் பார்க்கப் போனது காற்றை. அதற்கு ஆடிதான் மாதம்.

காரைக்குடியில் இறங்கிய காலையிலேயே அது வந்து மோதியது. மேற்கிலிருந்து வரும் காற்று. கடைக்காரர்கள் சாக்குப் படுதாவைச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். தெருவின் செம்மண் எழுந்து, வெள்ளை வேட்டிகளின் கரைக்கு மேலே இன்னொரு கரை போட்டது. ஊரைத் தாண்டினால் பனைகள். ஓலையும் ஓலையும் உரசும் ஓசை, தூரத்தில் யாரோ ஓயாமல் நெல் கொட்டுவது போல. அம்மியைப் பறக்க வைக்கும் காற்று என்று சும்மா சொல்லவில்லை.

தமிழில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். ராமநாதபுரக் கரையோரத்து மீனவர்கள் கச்சான் என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். இத்தனை நுணுக்கமாகக் காற்றைப் பிரித்தறிந்தவர்கள், பாய் விரித்துக் கடல் கடந்தவர்கள், அந்தக் காற்றை ஒரு கிணற்றின் மேல் கட்டித் தண்ணீர் இறைக்க வைத்தார்களா? வைக்கவில்லை. இந்த மண்ணின் பழைய வேளாண்மையில் காற்றாலை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் பல ஆண்டுகளாக எனக்குள் இருந்த கேள்வி.

உலகத்தில் மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டு அரபுப் பயணி அல் மசூதி, பாரசீகத்தின் சிஸ்தான் பகுதியில் காற்று ஆலைகளைச் சுழற்றுவதையும், தண்ணீரை ஏற்றித் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதையும் எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கத்தின் கிரீட் தீவில் லசித்தி என்றொரு சமவெளி. அங்கே சென்ற நூற்றாண்டின் நடுவில் வெள்ளைத் துணிப் பாய் கட்டிய காற்றாடிகள் ஆயிரக்கணக்கில் நின்று கிணற்று நீரை உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு இறைத்தன. அமெரிக்காவில் 1854இல் டேனியல் ஹாலடே என்பவர் காற்றுக்குத் தக்கபடி தானே திரும்பும் காற்றாடியைச் செய்தார். அதன் வழித்தோன்றல்கள்தான் அந்நாட்டின் வறண்ட புல்வெளிகளில் மாட்டுக்கும் ரயிலுக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தன. தாய்லாந்தின் உப்பளங்களிலும் நெல்வயல்களிலும்கூடப் பாய்க் காற்றாடிகள் சுழன்றன. நமக்கு வெகு தூரமில்லை அது. நம்மவர்கள் போய் வந்த கடல் வழிதான்.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் முன்வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். வாசல், முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் வீடு. எல்லா நிலைகளும் ஒரே கோட்டில். பின்வாசலின் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. வீட்டுக் காவலுக்கு இருக்கும் ஆச்சி, ‘உள்ள வாங்க தம்பி, வெளிய மண்ணு அடிக்குது’ என்று கூப்பிட்டார். உள்ளே காலடியில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி. தலைக்கு மேல் முற்றத்து வானம். தெருவில் அடித்த அதே காற்று இங்கே கட்டு கட்டாகத் தணிந்து, வளவுக்கு வரும்போது விசிறி வீசுவது போல் இருந்தது.

‘இது காத்துக்குன்னே கட்டுன வீடா ஆச்சி?’

‘காத்துக்கும்தான், தண்ணிக்கும்தான். அங்க பாருங்க.’

முற்றத்தின் நான்கு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உள்நோக்கிச் சரிந்திருந்தது. நான்கு மூலையிலும் தகரக் கூடல்வாய். அதன் கீழே குழாய், குழாயின் கீழே முன்பெல்லாம் பித்தளை அண்டா இருக்குமாம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுவார்கள். இரண்டாம் மழையிலிருந்து அண்டாக்கள் நிரம்பும். மிச்சம் முற்றத்துக் கல்லில் விழுந்து, ஒரு துளை வழியாக மறைந்து, தெருவோரக் கால்வாய்க்குப் போய், ஊர் நடுவே செம்புராங்கல் கட்டிய ஊருணியில் சேரும். ஆச்சி அந்தத் துளையைக் காலால் சுட்டினார். ஒரு ரூபாய் நாணயங்களை வட்டமாக அடுக்கியது போல ஏழு துளைகள் கொண்ட சல்லடைக் கல். அதில் ஒரு துளையில் வேப்பிலைக் காம்பு சிக்கியிருந்தது. குனிந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்கினார். மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் நகரத்தார் என்பது அவர்கள் மரபு சொல்லும் கதை. கடல் கொண்ட ஊரை மறக்காமல், ஒரு சொட்டு வெள்ளம் ஏறாத இந்த மேட்டுக்காட்டிலும் வீட்டை ஆளுயர மேடை மேல் கட்டினார்கள் என்பார்கள். அந்தக் கதையைவிட என்னை நிறுத்தியது இன்னொன்று. 1930களின் பிற்பகுதியில், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கடன் வழியாக, இதே நகரத்தாரான செட்டியார்கள் கையில் வந்திருந்தது. ஐராவதியின் தண்ணீர் கொழிக்கும் டெல்டாவில் நெல்லுக்குப் பணம் கொடுத்தவர்கள், சொந்த ஊரில் ஒரு குடம் மழைக்குக் கூரையைச் சரித்து வைத்திருக்கிறார்கள். ஊருணி என்ற சொல்லைத் திருவள்ளுவர் பேரறிவாளன் கையிலுள்ள செல்வத்துக்கு உவமையாக வைத்தார். செட்டிநாட்டில் அந்த உவமையைக் கல்லில் வெட்டிப் படி கட்டி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கும் ஊருக்கும் ஊருணி. வயலுக்குக் கண்மாய்.

கண்மாயைப் பார்க்க வறண்ட காலம்தான் ஏற்றது. தண்ணீர் இருக்கும்போது அது வெறும் ஏரி. வற்றிய பிறகுதான் அதன் எலும்பு தெரியும். குன்றக்குடிச் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு கண்மாய்க் கரையில் ஏறினேன். உள்வாயில் வெடித்த களிமண், நடுவே கருவேலங்காடு, ஆடுகள். கரை இரண்டு கைகளையும் விரித்து அணைப்பது போல வளைந்து கிடந்தது. அதன் இரு முனைகளும் மேட்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு முனையில் கலுங்கு: கல் பாவிய வழிவாய், நிறைந்து மிஞ்சியது அதன் வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். நடுவே மடை. இரண்டு கல்தூண்கள், இடையே குறுக்குக் கல். தண்ணீர் இருந்த காலத்தில் மூச்சைப் பிடித்து முங்கி அடைப்பைத் திறக்க வேண்டிய இடம். பாண்டிய நாட்டுப் பழைய குமிழித் தூம்புகளில் நீரோடித் துளை என்று ஒன்றும், அதற்குக் கீழே சேறோடித் துளை என்று ஒன்றும் வைத்தார்கள். மேல் துளை வயலுக்குத் தெளிநீர் கொடுக்கும். கீழ்த் துளை, கண்மாயைத் தூர்க்கும் வண்டலைத் தானே இழுத்துப்போய் வயலுக்கு உரமாகத் தள்ளும். எந்திரம் என்ற சொல்லை நாம் சக்கரத்துக்கும் பல்லுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். இந்தக் கல்தூம்புக்கும் அது பொருந்தும்.

கரையில் ஒரு பெரியவர் ஆடுகளை ஒரு கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா இந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். யார் வயலுக்கு எப்போது, எத்தனை நாழிகை என்று மடை திறந்து விடுகிற வேலை. அறுப்பில் களத்துக்குக் களம் நெல் வாங்கிக்கொள்வார். நான் காற்றாடி பற்றிக் கேட்டேன். வெளிநாட்டில் காற்றைக் கொண்டு தண்ணீர் இறைக்கிறார்கள், இங்கே இந்தக் காற்று சும்மா போகிறதே என்றேன்.

அவர் கரையைக் கைத்தடியால் தட்டினார். ‘தண்ணிய எதுக்குத் தம்பி தூக்கணும்? அதான் மேல நிக்குதே. கீழ பாருங்க, வயலு. மடையத் தொறந்தா அதுபாட்டுக்குப் போவுது. தூக்குற வேலைய முன்னாடி உள்ளவுக கரை போட்டப்பவே முடிச்சுட்டாக.’

பல ஆண்டு சுமந்த கேள்விக்கு ஆடு மேய்க்கிறவர் ஒரு தட்டலில் பதில் வைத்துவிட்டார். கரையின் இந்தப் பக்கம் உள்வாய் என் இடுப்பளவு; அந்தப் பக்கம் வயல்கள் இரண்டு ஆள் ஆழம். பள்ளத்தில் இருக்கும் தண்ணீரை மேலே கொண்டு வரத்தான் காற்றாடி வேண்டும். சிஸ்தானில் தண்ணீர் வாய்க்காலின் அடியில் ஓடியது. லசித்தியில் கிணற்றுக்குள் கிடந்தது. ஹாலந்திலோ வயலே கடலுக்குக் கீழே. அங்கே காற்றாடி தண்ணீரை வெளியே தள்ளியது. செட்டிநாட்டு வயல் கண்மாயின் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும். அந்தச் சில வாரங்களில் தண்ணீர் எங்கே மேடாக இருக்கிறதோ அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டால், பிறகு யாரும் எதையும் தூக்க வேண்டாம்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், அது ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். அதை 20 அடி ஆழத்திலிருந்து தூக்க வேண்டும். 5 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி, நொடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள மென்காற்றில் பெறுவது 300 வாட்டுக்குச் சற்று மேல். இறக்கை, தண்டு, பம்பு என்று கழிவு போக, தண்ணீரில் சேர்வது பத்தில் ஒரு பங்கு, 30 வாட். ஏற்றம் மிதிக்கும் ஆள் நாள் முழுக்கத் தருவதில் பாதி. அந்தக் காற்றில் அந்த ஓர் ஏக்கருக்கு இறைத்து முடிக்க, இரவு பகல் நில்லாமல் 110 நாள் சுழல வேண்டும். குறுகிய வயது நெல் விதைப்பிலிருந்து அறுப்பு வரை நிற்பதே ஏறத்தாழ அவ்வளவு நாள்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் பலம் எட்டு மடங்காகும் என்பது உண்மை. ஆனால் அந்த வேகம் வருவது ஆடியில். ஆடியில் வயலில் நெல் இல்லை. ஐப்பசியில் நெல் இருக்கும்போது காற்று நிலையாக இல்லை.

ஆகவே, காற்றை நம் முன்னோர் கவனிக்காமல் விட்டார்கள் என்ற என் பழைய எண்ணத்தை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டேன். கவனித்திருக்கிறார்கள். கொண்டல் என்ற சொல்லுக்குக் கிழக்குக் காற்று என்று பொருள், மழைமேகம் என்றும் பொருள். தண்ணீரை இந்த மேட்டுக்கு ஏற்றுகிற வேலையைக் காற்றுதான் செய்கிறது. வங்கக் கடலிலிருந்து தூக்கி வந்து கண்மாய்க்கு மேலே கவிழ்க்கிறது. இவர்கள் அது கொட்டுமிடத்தில் ஏந்தி நின்றார்கள்.

குன்றக்குடியில் மலை மேல் முருகன், கீழே ஆதீன மடம். மடத்தின் பெரிய அடிகளார் தமிழுக்கும் மேடைக்கும் பேர்போனவர். அவர் 1970களில் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளைத் துணைக்கு அழைத்தார். அந்த ஆய்வகம் வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்: வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த ஆய்வகத்தை நடத்தும் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம்தான் 1950களில் காற்றாற்றலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அந்த வேலை பிறகு பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்துக்குப் போய், 1960களில் டபிள்யூ.பி.-2 என்ற நீரிறைக்கும் காற்றாடியாக வெளிவந்தது. விமானம் செய்யும் அறிவைக் கிணற்றுக்குக் கொண்டுவர நினைத்த நல்ல மனசு அது.

அதைவிட எனக்கு மனம் ஒட்டியது மதுரைப் பக்கம் நடந்த ஒரு முயற்சி. 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆல்கெமி நிறுவனத்தோடு தொடர்புள்ள மார்கஸ் ஷெர்மன் என்ற இளைஞர் அங்கே ஒரு காற்றாடி கட்டினார். இறக்குமதி எதுவும் இல்லை. நடுவே ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். ஆரக்கால்களோடு சேர்த்துக் கட்டிய மூங்கில்கள். மூங்கிலுக்கு மூங்கில் இழுத்துக் கட்டிய துணிப் பாய். ஊர்த் தச்சரும் கருமாரும் பழுது பார்க்கக்கூடியது. அந்த வடிவத்தைக் கொண்டுபோய் அவர்கள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரையில் தங்கள் பண்ணையிலும் நிறுத்தினார்கள். மதுரை வண்டிச் சக்கரத்திலிருந்து அட்லாண்டிக் கரைக்குப் போன ஒரு யோசனை. இங்கே அது பரவவில்லை. அதற்குள் எண்ணெய் எஞ்சினும் மின் மோட்டாரும் கிணறுகளுக்கு வந்துவிட்டன.

திருப்பத்தூரைத் தாண்டிய ஒரு தோட்டத்தில் அந்த வரலாற்றின் மிச்சம் ஒன்றைப் பார்த்தேன். கிணற்று மேட்டில் நான்கு கால் இரும்புக் கோபுரம். உச்சியில் தண்டு மட்டும், இறக்கைகள் இல்லை. 1980களில் மத்திய அரசின் செயல்விளக்கத் திட்டத்தில் நாடெங்கும் நிறுத்தப்பட்ட 12 இறக்கை, 5 மீட்டர் விட்டக் காற்றாடிகளின் சாயல். வடநாட்டில் காசிப்பூரில் டச்சு உதவியோடு உருவான வடிவம் அது. தோட்டக்காரர் அண்ணன் ஏணியின் முதல் படியில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: ‘எங்க அப்பா காலத்துல ஆடி, ஆவணியில நல்லா ஓடுச்சுண்ணே. தென்னைக்கும் மொளகாய்க்கும் போதும். வாசரு போயிரும். தோல் வாசரு மாத்த ஆளு மதுரையிலருந்து வரணும். அப்பறம் தண்ணி கீழ போயிருச்சு. கெணறு வத்துனா அது எதை எறைக்கும்?’

இறக்கைகளைப் பற்றிக் கேட்டேன். மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். வளைந்த தகடுகள் இரண்டு, கூரையில் மழைநீர்த் தகரமாக இருந்தன. கானாடுகாத்தான் கூடல்வாயைப் போலவே அதன் கீழ் ஒரு பிளாஸ்டிக் டிரம்.

தோல் வாசர் என்று அவர் சொன்னதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் அறுந்தால் கயிறு. பக்கத்து வீட்டில் கிடைக்கும். மாடு இழுக்கும் கமலையில் கிழிந்தால் கூனையின் தோல்வால். அதே ஊரில் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு கருவியை ஓட்டுவது காற்றோ மாடோ இல்லை, அதைப் பழுது பார்க்கிற கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதுதான்.

வேட்டங்குடிக்குப் போகும்போது மாலை. இதுவும் கண்மாய்தான், பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி, வேட்டங்குடி என்ற மூன்று கண்மாய்கள் சேர்ந்து 1977இல் பறவைகள் சரணாலயமாயின. ஆடியில் பறவை இல்லை. மரங்களில் எச்சத்தின் வெள்ளை மட்டும், சுண்ணாம்பு அடித்தது போல. மழைக் காற்றோடு வந்து, குஞ்சு பொரித்து, தண்ணீர் வற்றப் போய்விடும் நாரைகள், கொக்குகள், நத்தைகுத்திகள். அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம் போட வேண்டாம் என்பது இந்த ஊர்களின் அனுபவம். கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தலைமுறைகளாக. பட்டாசு வெடிக்காத தீபாவளியில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். ‘கரையில போயி குஞ்சு பாக்குமுங்க’ என்றார். அதற்கு மேல் விளக்கம் ஏதும் தேவை என்று அவர் நினைக்கவில்லை.

மறுநாள் பிரான்மலை. சிங்கம்புணரிப் பக்கமுள்ள இந்த மலைதான் பாரியின் பறம்பு. சிவகங்கைச் சீமையின் சமவெளியில் அது திடீரென எழுந்து நிற்கிறது. மூவேந்தர் முற்றுகையில் பாரி இறந்த பிறகு கபிலர் பாடியவற்றில் ஒன்று, புறநானூற்றின் 118ஆம் பாட்டு. அரசன் போன துக்கத்தில் அவர் பார்ப்பது அரண்மனையை இல்லை. ஒரு சிறிய குளத்தை. பாறையையும் மேட்டையும் சேர்த்து அணைத்த கரை, எட்டாம் நாள் பிறை போல் வளைந்தது, காப்பார் இல்லாமல் உடைகிறது.

எட்டாம் நாள் பிறை. மலையில் பாதி தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தால் அந்த உவமை தரையில் கிடக்கிறது. அடுக்கடுக்காகக் கண்மாய்கள், ஒவ்வொன்றும் அரைநிலா, எல்லாம் சரிவின் கீழ்த்திசைக்கு முதுகு காட்டி. ஒன்றின் கலுங்கு இன்னொன்றின் வரத்துக் கால்வாய். இப்போது பல வரத்துக் கால்வாய்களின் மேல் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அந்தக் கற்கள் வெள்ளைப் பல் வரிசை போல் தெரிகின்றன. கண்மாயைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறார்கள், நல்லதுதான். கால்வாய் அடைபட்டபின் தூர்வாரிய கண்மாய் வெறும் பள்ளம். ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து என்று முன்பு சொன்னது கரையை மட்டுமில்லை, மழை விழும் இடத்திலிருந்து வயல் வரை உள்ள முழு வழியையும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கபிலருக்கு உடைந்த கரை ஒரு நாட்டின் அழிவாகத் தெரிந்தது. நமக்கு அது மனைப்பிரிவாகத் தெரிகிறது.

கடைசியாக நாட்டரசன்கோட்டை. கண்ணுடைய நாயகி கோயிலுக்கு அப்பால், கம்பர் அடங்கிய இடம் என்று ஊர் காட்டும் சமாதி. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, பங்குனியில் காரைக்குடியில் நடந்து, நிறைவு நாளுக்கு இங்கே வரும். மற்ற நாட்களில் அமைதியான இடம்.

கம்பரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதிகாலையில் நடந்து போகிறார். ஏற்றம் இறைக்கிறவன் பாடிக்கொண்டிருக்கிறான். மூங்கில் இலை நுனியில் பனித்துளி தூங்குவதாக ஓர் அடி. அடுத்த அடி வருமுன் வேலை முடிந்து அவன் இறங்கிப் போய்விடுகிறான். தூங்கும் துளியை அடுத்து என்ன சொல்லியிருப்பான்? கவிச்சக்கரவர்த்திக்கு இரவெல்லாம் உறக்கமில்லை. எந்த அடியை வைத்தாலும் பொருந்தவில்லை. மறுநாள் முதல் ஆளாய்க் கிணற்றடிக்குப் போய்க் காத்திருக்கிறார். அவன் ஏறிப் பாடுகிறான்: துளியை எடுத்துக்கொள்பவன் சூரியன்.

ஏற்றத்தை அறியாதவர்களுக்கு அந்தக் கதை பாதிதான் விளங்கும். கிணற்றோரம் இரண்டு தூண். அவற்றின் மேல் ஊஞ்சலாடும் துலாமரம். ஒரு முனையில் தொங்கும் நீள மூங்கில், அதன் அடியில் சால். துலாவின் மேல் ஒருவர் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், மறுபக்கம் நடந்தால் ஏறும். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்ப்பார். கைப்பிடி இல்லாத மரத்தின் மேல் இருட்டில் முன்னும் பின்னும் நடக்கிற கால்களுக்குப் பாட்டுத்தான் பிடிமானம். ஒரு சாலுக்கு ஓர் அடி. எத்தனை சால் என்ற எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே. மூங்கில் கையில் பிடித்த கோல். பனித்துளி தலைக்கு மேல் பார்த்தது. சூரியன் வந்தால் வேலை நிற்கும். காற்றாடி இல்லாத நாட்டில் தண்ணீரைத் தூக்கியது இந்த மூச்சுதான். ராமாயணம் பாடியவர் அந்த மூச்சின் முன்னால் ஓரிரவு காத்து நின்றார் என்று கதை கட்டிய மக்கள், இறைப்பவனின் உழைப்பை எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

சமாதி மண்ணைக் குழந்தையின் நாக்கில் வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. சொல்வளம் வரும் என்று நம்பிக்கை. ஓர் இளம் தாய் வந்திருந்தாள். இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். காற்று அதை விரலிலிருந்தே கொண்டுபோயிற்று. மறுபடி எடுத்தாள். இம்முறை முந்தானையைச் சுற்றி மறைத்து, முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று, குழந்தையின் வாயில் வைத்தாள். அது முகத்தைச் சுளித்துவிட்டுச் சப்பியது.

வேலிக்கு அப்பால் ஒரு தோட்டம். வெண்டைக்காய்ப் பாத்திகள். ஒருவர் மண்வெட்டியோடு வரப்பில் குந்தியிருந்தார். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார். நான் காற்று வந்த திசையைப் பார்த்தேன். இதே ஆடிக் காற்று தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டையிலும் இன்னும் கூடிய வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுத்திய சில காற்றாலைகளில் தொடங்கி, இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை அவை சுழலும் வேகத்தில் பிறக்கும் மின்சாரம், கம்பி கம்பியாய் ஏறி, எந்தெந்த ஊர் வழியாகவோ இந்தத் தோட்டத்து மின்கம்பத்துக்கும் வந்து சேர்கிறது.

கிணற்று மேட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை காற்றை மட்டும் துப்பியது, மூன்றாவதில் தண்ணீர். அவர் எழுந்து, முதல் பாத்தியின் வாயை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, அது நிறையும்வரை வரப்பிலேயே நின்றார்.